வெளியே திரும்பிய கை

டுலூத், மினசோட்டா
ஜனவரி 19

அன்புள்ள கொலெட்,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம், ஆனால் போனில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடும். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. இடது கையால் எழுதுகிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் கூரைப் பனியைத் தள்ள ஏறினேன். பனி என்னைத் தள்ளிவிட்டது. வலது தோள் வலித்தது. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் ஸ்கேன் எடுத்தேன். பின்பக்கத் தசைநார்கள் பிய்ந்து, தசை சுருங்கிக் கொழுப்பாகிவிட்டதாம். இழுத்துத் தைத்தாலும் எலும்பு வரை எட்டாது. படங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். காபி குடிக்கும்போது முழங்கை தானாக மேலே ஏறுகிறது, கொம்பு ஊதுகிறவன் போல. தசைகளின் இழுவிசையோடு இந்த நோய் அடையாளத்தையும் காலமெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது கேன்டீனில் நானே ஊதுகிறேன்.

இங்குள்ள சர்ஜன், முதுகின் அகன்ற தசையைக் கழற்றித் தோளில் மாற்றிக் கட்டலாம் என்கிறார். பலமான தசைதான். ஆனால் அது அக்குளுக்குக் கீழிருந்து இழுக்கும். கெட்டுப்போன தசை இழுத்த திசையே வேறு. நம் துறைமுகத்து இழுவைப் படகுக்கு என்ன பலம் இருந்தாலும், கயிறு தப்பான பக்கம் இருந்தால் கப்பல் கரையில் மோதும், இல்லையா? நடுமுதுகிலிருந்து சரிவாக ஏறும் தசையின் கீழ்ப்பகுதிதான் சரி என்பது என் கணக்கு. எனக்கு ஐம்பத்து நான்கு. செயற்கை மூட்டு வைக்க இன்னும் வயதாகவில்லையாம். தப்பான தசையைக் கழற்றிவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

நீயும் தோள் சர்ஜன்தானே, இந்த ஆபரேஷனை நீ செய்வாயா?

ஆர்விட்


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 3

ஆர்விட்,

கூரையில் ஏறாதே என்று உன் மனைவியாக இருந்தவரை சொன்னேன். இரண்டு வருடம் வலியோடு திரிந்திருக்கிறாய். தோளைப் பற்றிப் புத்தகம் எழுதியவன்!

நான் செய்ய மாட்டேன். உன் தோளைத் திறந்து வைத்துக்கொண்டு என் கை நடுங்காது என்று என்னால் சொல்ல முடியாது.

படங்களைப் பார்த்தேன். முன்பக்கத் தசை உறுதியாக இருக்கிறது. பின்னாலும் சரியான திசையில் ஒன்று இழுத்தால், இரண்டும் சேர்ந்து எலும்புக் குண்டைக் குழியில் நிறுத்தும். மேலே உள்ள பெரிய தசை கையைத் தூக்கிவிடும். நீ சொல்வதுதான் சரி. இதை எழுதப் பேனா மறுத்தது.

மினியாபொலிஸில் நவோமி இருக்கிறாள். என்னோடு பயிற்சி பெற்றவள். இந்த ஆபரேஷன் அவளுக்குக் கைவந்தது. போனில் பேசினேன்.

"அந்த இழுவிசைக்காரரா? ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கே பாடம் எடுப்பாரே!"

"மொதல்ல மயக்க மருந்தக் குடுத்துடு. அப்புறம் பேச மாட்டான்."

"சரி அனுப்பு. நல்லாத் தூங்க வெச்சிடறேன்."

கணக்குத் தாள்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

கொலெட்


டுலூத்
மே 9

அன்புள்ள கொலெட்,

பிப்ரவரி கடைசியில் ஆபரேஷன் முடிந்தது. நடுமுதுகுத் தசை தோள் வரை எட்டாது அல்லவா? இறந்துபோன யாரோ ஒருவரின் குதிகால் தசைநாரை இடையில் வைத்து நவோமி இணைத்தாள். அதை வைத்துக்கொண்டு அவர் ஓடியிருப்பார், நடனம்கூட ஆடியிருக்கலாம். பெயர் தெரியாது. காலையில் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் எனக்குக் காபி.

கையை வெளியே நீட்டியபடி பட்டையில் கட்டி வைத்திருந்தார்கள், தட்டு ஏந்தும் சர்வர் போல. மளிகைக் கடை வரிசையில் ஒரு பெண்மணி தன் முட்டைப் பெட்டியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சாவகாசமாகப் பர்ஸைத் தேடினாள். நானும் முட்டையைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

பட்டையை அவிழ்த்தாயிற்று. ஆனால் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்கும் யோலண்டா நல்லவள்.

"கைய நெனைக்காதீங்க ஆர்விட். முதுக நெனைங்க."

"முதுகு எங்க இருக்கு?"

"வரும்போது கொண்டுவந்தீங்களே, அதான்!"

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தசையைக் கம்பியால் இழுத்து எத்தனையோ தோள்களை அசைத்திருக்கிறேன். என் சொந்த முதுகில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கு தப்பாகிவிட்டதோ? பயமாக இருக்கிறது, கொலெட்.

ஆர்விட்


ஹாலிஃபாக்ஸ்
மே 20

அன்புள்ள ஆர்விட்,

கணக்கு சரிதான். தசைக்குத்தான் புது வேலை தெரியாது. அதன் பழைய வேலையைச் செய்யச் சொல். புது வேலை தானாக நடக்கும்.

பழைய வேலை எதுவென்று எனக்குத் தெரியும். சண்டையில் தோற்கப் போகிறாய் என்று தெரிந்ததும், தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அறையை விட்டுப் போவாயே, அந்த இழுப்பு. உன் முதுகை என் அளவுக்குப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கண்ணை மூடு. என்னோடு சண்டை போடு.

கொலெட்


டுலூத்
ஜூன் 14

கொலெட்! திரும்பிவிட்டது!

உன் கடிதத்தை யோலண்டாவிடம் காட்டினேன். "உங்க முன்னாள் வீட்டம்மாவ இங்க வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நீ ஊரில் இல்லாதபோது சமையலறைக்கு நான் மஞ்சள் பெயிண்ட் அடித்த அந்தச் சண்டை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்ற உன் குரல் காதில் கேட்டதுதான் தாமதம், தோள்பட்டை விறைத்துப் பின்னால் போனது. வயிற்றோடு ஒட்டிக் கிடந்த கை வெளியே திரும்பி, யோலண்டாவின் காபியைத் தட்டிவிட்டது.

"ஐயோ, என் காபி!" என்று கத்தியவள், அடுத்த நொடியே குதித்தாள். "இன்னொரு தடவ! இன்னொரு தடவ தட்டுங்க!" இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார். நான் அழுதேன். சிரித்துக்கொண்டுதான்.

ஆனால் ஒரு சிக்கல். பயிற்சிக்காக நம் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்தால் தசை வேலை செய்வதில்லை. புதுச் சண்டை தேவைப்படுகிறது. ஆகஸ்டில் ஏரி நன்றாக இருக்கும். வருகிறாயா?

உன் ஆர்விட்


ஹாலிஃபாக்ஸ்
ஜூன் 27

என் ஆர்விட்,

கடிதத்தை வார்டில் நின்றபடியே படித்தேன். "என்ன டாக்டர், நல்ல சேதியா?" என்று நர்ஸ் கேட்டாள். "ஒரு தசைக்கு வேல கெடச்சிருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி மாலை விமானம். பெட்டியை நீ தொடக்கூடாது, நானே தூக்கிக்கொள்வேன். உனக்கு ஒரே ஒரு வேலை. கார் கதவை எனக்காக வலது கையால் திறக்க வேண்டும். அவசரமில்லை, மெதுவாகத் திற. நான் நின்று பார்ப்பேன்.

திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. கேட்டால் எடுத்துவிடுவேன்.

உன் கொலெட்