மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பாடம்

ஜூலை 14, திங்கள்
மழை இல்லை, காற்று மட்டும். துணி எல்லாம் புழுதி.
டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுச் செயல்பாடு: ஐந்து வகை இலை, சிறியதிலிருந்து பெரியது வரை ஒட்ட வேண்டும். நான் மில் விட்டு வருவதற்குள் தாரணி முடித்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, தனியாக, இவ்வளவு நேர்த்தியாகவா?
அதில் ஒரு வெற்றிலை. எங்கள் வீட்டில் ஏது? கேட்டால், கீழே கிடந்ததாம். கொடி இருப்பது மதிலுக்கு அந்தப் பக்கம், மல்லிகா அக்கா வீட்டில். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை.

ஜூலை 16, புதன்
அரிசி தீர்ந்தது. கேஸ் சொல்ல வேண்டும்.
ராத்திரி வாசிப்பு. புத்தகத்துக்குள் முகத்தைப் புதைக்கிறாள், தூங்கத்தான். பிடுங்கி, எதிரே உட்கார்ந்து நானே பிடித்தேன். ‘பட்டம்’ வரவில்லை. அழுகை. இலை ஒட்டத் தெரிகிறது, இது வராதா?
பாவாடை முட்டியில் சாக்பீஸ் தூள். நம் வீட்டில் சாக்பீஸே இல்லை. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.
அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இன்றைக்குப் பாடம் சொல்லித் தருவார், நாளைக்கு?
இவருக்குப் போன் போட்டேன். லாரி லோடோடு நாக்பூரில் இருக்கிறார். “அண்ணிதானே, உடு. புள்ள படிச்சாச் சரி” என்கிறார். யார் பக்கம் இவர்?

ஜூலை 18, வெள்ளி
அரை நாள் லீவு. யாரிடமும் சொல்லவில்லை.
வீடு பூட்டிக் கிடந்தது. மதில் மேலாக எட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டு வாசல் சிமெண்டுத் தரை முழுக்க முழ நீள எழுத்துகள். எழுத்துக்கு எழுத்து தாவிக்கொண்டே சத்தமாகப் படிக்கிறாள் தாரணி. ப, ட், ட, ம். என்னிடம் மட்டும் அவளுக்கு வராத அதே வார்த்தை.
நேரே உள்ளே போய்விட்டேன்.
“எம் புள்ளைய எங்கிட்டயிருந்து பிரிக்கப் பாக்கறீங்களாக்கா?”
அக்கா கோபப்படவில்லை. குனிந்து, அதே வார்த்தையைத் தரையில் பொடியாக எழுதினார். தாரணி மண்டி போட்டாள். மூக்கு தரையில் படுகிற அளவுக்குக் குனிந்த பிறகுதான் படித்தாள்.
“எழுத்து தெரியாம இல்ல சாமி. அவளுக்குக் கண்ணுதான் தெரியல.”
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
“நாஞ் சொன்னா நம்பியிருப்பியா?”
இப்போதும் முழுசாக நம்பவில்லை. நல்லா இருக்கிற பிள்ளைக்குக் குறை சொல்கிறாரோ?
வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்காரவைத்து, சுவரில் காலண்டரைக் காட்டி இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன்.
“அதுல எழுத்தெல்லாம் இருக்குதாம்மா?”
மில்லுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமைக்கு லீவு சொன்னேன்.

ஜூலை 21, திங்கள்
நாமக்கல், கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு மருந்து. காலையில் கிளம்பும்போதே பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. தானாக ஏறிக்கொண்டார். பிள்ளை அவர் மடியில் போய் உட்கார்ந்தது. எத்தனை நாள் பழக்கமோ.
தூரப்பார்வை ரொம்பக் குறைவாம். பவர் அதிகம். இன்னும் தள்ளிப்போடாமல் வந்தது நல்லது என்றார் டாக்டர். நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தாரா, தெரியாது.

ஜூலை 24, வியாழன்
கண்ணாடி வந்தது. சிவப்பு, அவளே எடுத்தது.
நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் போர்டு படித்தாள். பஞ்சர் கடை. டீ. முட்டை மொத்த விற்பனை. பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.
“அம்மா, உனக்கு மூக்குக்கிட்ட மச்சம் இருக்குது.”
பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது இந்த முகம்தான்.
பிறகு, “பெரிம்மாகிட்டக் காட்டிட்டு வாரேன்” என்று ஓடினாள். இருட்டப் போகிறது, இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கிறது. என்ன பேசுகிறார்களோ. என்னைப் பற்றியா?
போய்ப் பார்க்க வேண்டும். கூப்பிட்டு வரவா, கொஞ்ச நேரம் உட்காரவா, தெரியவில்லை.