சரிவிலும் வழுக்காது என்று எழுதியிருக்கிறது

ஜூன் 2, ஞாயிறு

மானம் போயிற்று. பிரார்த்தனைக் கூடத்தில் இன்று வேதம் வாசிக்கும் முறை என்னுடையது. என் கண்ணாடியைப் பணிமனையிலேயே விட்டுவிட்டதால் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றேன். ஒட்டியிருந்த இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டி, பஞ்சத்தில் ஆரம்பித்துக் கல்யாண விருந்தில் முடித்தேன். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது.

"பரவால்லப்பா, பசியோட இருந்தவங்களுக்கு நேரா சாப்பாடு போட்டுட்டீங்க" என்றான் மகன். இவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எட்டாவதோடு நின்றவனை வாசிக்க விட்டது அவர்கள் தப்பு.

ஜூன் 5, புதன்

ஒரே பணிமனையில் அப்பன் மெக்கானிக், பிள்ளை பஸ் டிரைவர். "அவன் கெடுக்கிறான், நான் சரி பண்றேன், ரெண்டு பேருக்கும் சம்பளம்" என்று ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வண்டிக்கு மூன்று மெக்கானிக். அவர் எப்படிச் சிரிப்பார்?

ஜூன் 11, செவ்வாய்

அவன் போய்விட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

டீசல் போடக் காலியாக அவன் ஓட்டிப்போன பஸ். பாலத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. ரோட்டில் நின்றவர்கள் மேல் ஏற்றாமல் தூணை நோக்கித் திருப்பியிருக்கிறான்.

இவள் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று பென்சிலால் கோடு போட்ட வரி — 'நேர்மையானவனுடைய பிள்ளையின் கால் சரிவிலும் வழுக்காது.' அதன் மேல் விரலை வைத்துக் கேட்டாள்: "இதைச் சொல்லித்தானே தினமும் அனுப்பினேன். சொல்லுங்க, இது நிஜமா, இல்லையா?"

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். தாகமே இல்லை.

ஜூன் 20, வியாழன்

கூடத்துப் பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"வேதம் உண்மைங்கறது, வானிலை அறிக்கை உண்மைங்கற மாதிரி இல்லப்பா. புடிச்சுக்கிட்டு நடக்குற கைப்பிடி அது."

"கைப்பிடின்னா சுவத்துல முடுக்கியிருக்கணுமில்லீங்களா ஐயா?"

தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மெக்கானிக்கிடம் உவமை சொன்னால் இப்படித்தான் ஆகும்.

நான் கண்ட எழுத்தெல்லாம் எங்கள் செக் ஷீட் ஒன்றுதான். 'பிரேக் — சரி' என்று டிக் போடுகிறோமே, அது எப்போது உண்மை? எவனாவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் உண்மை. இல்லாவிட்டால் வெறும் மை. அப்படியானால் அந்த வரியை எழுதியவர், பிள்ளைகள் போகிற சரிவை ஒருமுறையாவது குனிந்து பார்த்தாரா?

கேட்கிறேன் பார், யோக்கியன்.

ஜூன் 24, திங்கள்

விசாரணை. அதிகாரி தாளை என் பக்கம் திருப்பினார்.

"பிரேக் சரின்னு இருக்கு. கையெழுத்து உங்களோடதா?"

"ஆமாங்க."

"பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

ஃபோர்மேன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பணிமனையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வண்டிக்கும் டிக் போட்டுவிடுவோம். பிறகு நேரம் இருந்தால் வண்டிப் பக்கம் போவோம். அன்று நேரம் இல்லை. அவன் வண்டி நான்காவது வரிசையில் நின்றது. போகிற போக்கில் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

"பாத்துட்டுத்தாங்க" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

இத்தனை நாளும் அவளும் நானும் 'பிள்ளை' என்ற சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வரி 'நேர்மையானவன்' என்றுதான் தொடங்குகிறது. வேதம் பொய் சொல்லவில்லையடா மடையா. ஆளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

அப்பன் போட்ட டிக்குக்குப் பிள்ளையைத் தள்ளிவிடுகிற புத்தகம் உண்மையாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கு வேண்டாம் அந்த உண்மை. ஆனால் அவளுக்கு வேணுமே. அதைப் புடிச்சுக்கிட்டுத்தானே ரெண்டு வாய் சாப்பிடுறா. பார்க்காமல் டிக் போட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் புத்தகம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அவளுக்கு நான்தான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 29, சனி

சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

அறிக்கை தபாலில் வந்தது. 'வாகனத்தில் குறை இல்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு.' இவள் இரண்டு தரம் வாசித்தாள். கண் கலங்கவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"அவன் அப்படி ஓட்டுறவன் இல்ல. நீங்களும் பாக்காம கையெழுத்துப் போடுற ஆள் இல்ல. அப்ப பொய் சொன்னது யாரு?"



"இதுதான்" என்று வேதத்தைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "கூடத்துல குடுத்துட்டு வந்துடுங்க. இனிமே இது வீட்டுல வேணாம்."

வாங்கிக்கொண்டேன். செருப்பை மாட்டும்போது, "வெயிலா இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள். எடுத்துக்கொண்டேன். கூடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வேதத்தோடு கிளம்பி வாசற்படியில் நின்றபோது நாக்கு நுனி வரை வந்தது: "இதை நீ வெச்சுக்கோம்மா. வெளிய போக வேண்டியது நான்."