ஒரு மணியோடு ஓயும் அழைப்பு

அனுப்புநர்:
திருமதி சின்னராசா குணமணி,
சந்தை வீதி, பின்வளவு,
தோப்பூர்.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர் அவர்கள்,
தொலைபேசிச் சேவை அலுவலகம்,
திருகோணமலை.

விடயம்: பொய்யான வெளிநாட்டு அழைப்புகளால் நான் ஏமாற்றப்பட்டமை பற்றியும், எனது தொலைபேசி இலக்கத்தை நீக்காமல் காத்துத் தருமாறு கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்தவள். 2006ஆம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து, பல இடங்களில் தங்கி, தற்போது தோப்பூரில் றம்ஸியா என்பவரின் வளவில் சிறு வீடொன்றில் மகளுடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். என் கணவர் சின்னராசா கடற்றொழிலாளி. கடலுக்குப் போகத் தடை வந்து, வள்ளமும் கைவிட்டுப் போன பின்பு, சென்ற ஆண்டு ஒரு முகவரை நம்பி இத்தாலிக்கெனப் புறப்பட்டார்.

2. புறப்படுவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலை, இந்தத் தொலைபேசி இணைப்பை எடுத்துத் தந்ததுதான். கம்பியில்லாமல் மேசையில் வைத்துப் பேசும் பெட்டி அது. எந்த இடத்தில் வைத்தால் குரல் தெளிவாகக் கேட்கும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் நடந்து பார்த்து, ஈற்றில் யன்னலோரத்தில் வைத்தார். வழியில் கையிலுள்ளதை எல்லாம் பறித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால், இலக்கத்தைக் கடதாசியில் எழுதாமல் மனப்பாடம் செய்துகொண்டார். மகள் கேள்வி கேட்க, அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்று ஒப்புவித்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழியில் எங்களோடு தொடர்புகொள்ள அவரிடம் வேறு வழி எதுவும் இல்லை.

3. போகும் வழியில் மூன்று நாலு தடவை கதைத்தார். கடைசித் தடவை எந்த நாட்டிலிருந்து எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. குளிர் என்று மட்டும் சொன்னார். அப்போது அவர் சொன்னது இது: "குணம், இன்னும் ரெண்டு எல்லை கடக்கக் கிடக்கு. கொஞ்சக் காலம் நான் எடுக்காட்டியும் யோசிக்காத. ஆனா இந்த நம்பர மட்டும் மாத்திப் போடாத. எனக்கு இது ஒண்டுதான் பாடம்." அதற்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. முகவரின் கடை பூட்டிக் கிடக்கிறது.

4. இதற்கிடையில் ஈச்சிலம்பற்றில் மீளக் குடியேற எங்களுக்கும் அனுமதி கிடைத்தது. எங்கள் காணியில் கிணறு தப்பியிருக்கிறது. முருங்கை பூத்திருப்பதாகப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இந்தப் பெட்டிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. ஆகவே நான் போகவில்லை. சொந்தக் காணி இருக்க வாடகை வீட்டில் ஏன் கிடக்கிறாய் என்று உறவினர் கேட்கிறார்கள். கிராம சேவகரும் கேட்டார். காரணம் யன்னலோரத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

5. இனி நடந்ததைச் சொல்கிறேன். இவ்வருடம் அறுவடை முடிந்த கையோடு, ஒரு பகல் வேளையில், தொலைபேசி ஒரு தடவை மணி அடித்து ஓய்ந்தது. நான் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. பெட்டியில் விழுந்திருந்த இலக்கம் வெளிநாட்டு இலக்கம். காசில்லாமல் ஒரு மணி அடித்து வைக்கிறார், நான் திருப்பி எடுக்க வேண்டுமென்று காத்திருக்கிறார் என எண்ணினேன். வேறெப்படி எண்ணுவேன் ஐயா? உடனே எடுத்தேன்.

6. மறுமுனையில் காற்று இரைவது போன்ற சத்தம் கேட்டது. பின்னால் ஆட்கள் கதைக்கும் ஓசை, ஏதோ தட்டு விழும் சத்தம். பிறகு ஓர் ஆண்குரல் "ஹலோ... ஹலோ..." என்றது. தொண்டை கட்டிய குரல். குளிர் என்று சொன்னவர் அல்லவா, தடிமன் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நான் கத்திக் கதைத்தேன். அவருக்கு என் குரல் கேட்கவில்லை போலும், திரும்பவும் "ஹலோ" என்றார். வைத்துவிட மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் இணைப்புச் சரிவரும் என்று நின்றேன். சரிவரவில்லை. மறுநாளும் எடுத்தேன். அதற்கடுத்த நாளும் எடுத்தேன்.

7. கட்டணப் பட்டியலோடு நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, ஒவ்வொரு அழைப்பிலும் இவ்வளவு நேரம் என்ன கதைத்தீர்கள் என்று என்னிடம் கேட்கப்பட்டது. சனத்துக்கு நடுவில் நின்றதால் அப்போது என்னால் பதில் சொல்ல ஏலவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் குரல் அவருக்குக் கேட்காவிட்டாலும் ஒரு சொல்லாவது போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் வீட்டுக் கதைகளைச் சொன்னேன். மகள் பள்ளிக்குப் போகிறாள், அப்பாவின் பெயரைத் தானே எழுதுகிறாள், 'ன்' போடும் இடத்தில் மட்டும் தடுமாறுகிறாள் என்று சொன்னேன். வெருகல் முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். பிறகு ஒருநாள், அதுவரை சொல்லத் துணியாமல் வைத்திருந்த செய்தியையும் சொன்னேன். அவருடைய தாயார் சிவகாமிப்பிள்ளை, அவர் போன பின்பு காலமாகிவிட்டார். நான் சொன்ன வார்த்தைகள் இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன: "இஞ்ச பாருங்க, உங்கட அம்மா மோசம் போயிற்றா. நோவு தெரியாம நித்திரையிலதான் போனவ. நீங்க அழாதீங்க."

அப்போது மறுமுனையில் இருமல் கேட்டது. இருமி, பிறகு மூச்சை இழுக்கும் சத்தம். அவர் அழுகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். தாயைப் பறிகொடுத்த மனிதன் அந்நிய நாட்டில் தனியே நின்று அழும்போது தொலைபேசியை வைத்துவிடக்கூடாது என்று, அவர் அழுது முடியும் வரை பேசாமல் நின்றேன். பட்டியலில் மிக நீண்டதாகத் தாங்கள் காணும் அழைப்பு அதுதான்.

8. அன்று பின்னேரம் வீட்டுக்கார அம்மா றம்ஸியாவிடம், அவர் கிடைத்துவிட்டார், கதைத்தேன் என்று சொல்லி அழுதேன். அவரும் என்னோடு சேர்ந்து அழுதார். அடுத்த நாள் தானும் ஒரு வார்த்தை கதைக்க வேண்டுமென்று ஆசையோடு வந்தார். சத்தம் வெளியே கேட்கும் பொத்தானை அமத்திவிட்டு இருவரும் பக்கத்தில் இருந்தோம். "தம்பி, நான் றம்ஸியா ராத்தா. ஒங்கட புள்ள இஞ்ச சொகமா இரிக்கா" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டார். இணைப்பைத் துண்டித்து மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முகம் மாறி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குணம், மனசத் தேத்திக்கங்க. முதல்ல தட்டு விழுகுது, பொறகு ஹலோ, பொறகு இருமல். முன்னயும் இப்பிடியேதான் வந்த. நாம கதைச்சாலும் அதுதான், கதைக்காட்டியும் அதுதான். இது மனிசன் இல்ல புள்ள. டேப்பு."

9. நான் நம்பவில்லை. அவர் போன பின்பு கதவைச் சாத்திவிட்டுத் தனியே ஒரு தடவை எடுத்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் இருமல் வரும் இடம் வரை கேட்டேன். நான் எதுவும் சொல்லாமலே அவர் அழுதார். அதன் பிறகே வைத்தேன். அந்த அழைப்பும் பட்டியலில் இருக்கும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஐயா, அவர் எங்களை விட்டுப் புறப்பட்டது சென்ற ஆண்டு. எனக்கு அவர் இல்லாமற்போனது அன்றுதான்.

10. பட்டியல் கிடைத்ததும் தங்கள் அலுவலகத்துக்கு வர முயன்றேன். கடலில் பிரச்சினை என்று மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகு சில நாட்கள் ஓடவில்லை. ஓடிய அன்று, இறங்குதுறைச் சோதனை எல்லாம் கடந்து வந்து சேர்ந்தேன். தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் கதிரை தந்து இருத்தி, பொறுமையாக விளங்கப்படுத்தினார். "அம்மா, இது எங்கயோ ஒரு தீவு நாட்டு நம்பர். கண்டபடி எல்லாருக்கும் ஒரு றிங் குடுத்திட்டு வைப்பானுகள். நீங்க திருப்பி எடுத்தா அந்த நம்பருக்குக் கட்டணம் பல மடங்கு. அதில ஒரு பங்கு அவனுக்குப் போகும். வைக்காம நிக்கப் பண்ணத்தான் அந்தச் சத்தமெல்லாம்" என்றார். அவர்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் நிலுவை தீராவிட்டால் இணைப்பு நிரந்தரமாகத் துண்டிக்கப்படும் என்றும், அதன் பின் இந்த இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்றும் அவர் சொன்னபோது, தந்த தண்ணீரைக் கூட என்னால் குடிக்க முடியவில்லை.

11. பணத்தைப் பற்றித் தர்க்கிக்க நான் இம்மனுவை எழுதவில்லை. என் கையால் எடுத்த அழைப்புகள்; தவணையாகக் கட்டுவதற்குச் சம்மதிக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். றம்ஸியா பிணை நிற்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

12. ஏமாந்ததோடு நான் சும்மா இருக்கவுமில்லை. எங்கள் பகுதியில் பிள்ளையோ புருசனோ வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. நானும் றம்ஸியாவும் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆயினும் சொன்னோம். முன்பின் தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு மணி அடித்து ஓய்ந்தால் திருப்பி எடுக்க வேண்டாம்; உண்மையில் தேவையுள்ளவர் மறுபடி எடுப்பார்; தப்பித்தவறி எடுத்துவிட்டால், மறுமுனையில் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் கதைக்காவிட்டால் உடனே வைத்துவிடுங்கள் என்று சொன்னோம். சில நாட்களில், மகன் கட்டாரில் இருக்கும் லைலா என்பவரின் வீட்டில் அதேபோல் மணி அடித்து ஓய்ந்தது. அவர் தொலைபேசியைத் தொடாமல் வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். இலக்கத்தைப் பார்த்தோம். அதே நாட்டு இலக்கம். மகனிடமிருந்து வழமையான அழைப்பு வெள்ளிக்கிழமை வரும் வரை அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது, காத்திருப்பவருக்கே தெரியும்.

13. ஆகவே ஐயா, தங்களிடம் நான் கேட்பவை இவைதான். என் தொலைபேசியிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கும் வசதியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். எனக்கு அது வேண்டாம். உள்ளே வரும் அழைப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். நிலுவையைத் தவணையில் செலுத்த அனுமதி தாருங்கள். அதுவரை இந்த இலக்கத்தை வேறெவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவர் எந்த நாட்டில், எந்தச் சிறையில், எந்த வேலைத்தலத்தில் இருந்தாலும், ஒருநாள் எடுக்கும்போது இது பாவனையில் இல்லாத இலக்கம் என்ற அறிவித்தல் அவர் காதில் விழக்கூடாது. அல்லது முன்பின் அறியாத ஒருவர் எடுத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. தாயாரின் செய்தியும் அவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. சொல்லிவிட்டேன் என்று எண்ணியிருந்தேன். அதை இனி மறுபடியும் நானே சொல்ல வேண்டும்.

14. மேலும், இந்த ஏமாற்றுப் பற்றித் தமிழில் ஓர் அறிவித்தல் அச்சிட்டு, மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் தபாலகங்களிலும் கோயில், பள்ளிவாசல் வாசல்களிலும் ஒட்டுவதற்கு ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். சனத்துக்கு விளங்கும் எளிய பேச்சில் அது இருக்கட்டும். காணாமற்போனவர்களையும் கடல் கடந்தவர்களையும் எண்ணிக் காத்திருக்கும் வீடுகளையே இவர்களது மணி தேடி வருகிறது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

15. இம்மனு தொடர்பில் தங்கள் முடிவை எனக்குத் தொலைபேசியிலேயே அறியத் தருவதாயின், ஒரு மணியோடு வைத்துவிடாமல் நீண்ட நேரம் அடிக்க விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் மணிக்கு நான் இப்போதெல்லாம் எழும்புவதில்லை. இரண்டாவது மணி அடித்தால், கிணற்றடியில் நின்றாலும் ஓடி வந்து எடுப்பேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

சி. குணமணி
(ஒப்பம்)

இடம்: தோப்பூர்
திகதி: 2008.10.14