நவம்பரில் வரலாம்

பாலம்பூர்
ஆகஸ்ட் 11

அன்புள்ள சுதேஷ் அக்காவுக்கு,

கமலேஷ் எழுதுவது. நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், என் வீட்டுக்காரர் மூச்சு எப்படி என்றுதான் கேட்பாய். மழை ஈரத்தில் கொஞ்சம் இழுப்பு. மருந்தை உறிஞ்சினால் அடங்குகிறது.

உன் மகள் ரீத்துவுக்கு வரன் முடிந்ததும் அவருக்குக் கால் தரையில் இல்லை. நமக்குக் கூடப்பிறந்தவன் இல்லையே, தாய்மாமன் இடத்தில் நின்று கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்பு வளையல் போட வேண்டியவர் அவர்தானாம். "அந்த உரிமைய யாருக்கும் விட்டுக் குடுக்கமாட்டேன்" என்கிறார்.

போனில் பேசினால் எனக்குப் பாதி காதில் விழுவதில்லை, எழுதியே அனுப்பு. தில்லி எந்த மாதத்தில் அவர் நெஞ்சுக்குத் தாங்கும்?

உன் தங்கை,
கமலேஷ்


தில்லி
ஆகஸ்ட் 24

என் கண்ணு கமலேஷ்,

முப்பத்தோரு வருடமாக இந்த ஊர் வெயிலில் வறுபட்டவளிடம் சரியாகத்தான் கேட்டாய். மே, ஜூனில் வந்தால் அனல்காற்று முகத்தில் அறையும். குழாயைத் திறந்தால் கொதிநீர். இப்போது மழைக்காலம்: புழுக்கம், கொசு, வீட்டுக்கு வீடு டெங்குக் காய்ச்சல். ஜனவரியில் மூடுபனி, ரயில் எப்போது வருமென்று ரயிலுக்கே தெரியாது. பிப்ரவரி நல்ல மாதம்தான், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நவம்பர் பதினான்கை விட்டு அசையமாட்டேன் என்கிறார்கள்.

நவம்பருக்கு என்ன குறை? இளவெயில், ஒரு மெல்லிய சால்வை போதும். சிவப்புக் கேரட் வந்துவிடும், உன் யஷ்பாலுக்கு அல்வா கிண்டி வைக்கிறேன். பத்து நாள் முன்னாலேயே வாருங்கள்.

அக்கா,
சுதேஷ்


பாலம்பூர்
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

நேற்று டிவியில் உங்கள் ஊரைக் காட்டினார்கள். எதிரே வரும் வண்டி தெரியவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் நெல்தாளைக் கொளுத்திய புகையாம். டாக்டரிடம் கேட்டேன். "காத்து நல்லா இருந்தா போகலாம்மா. இல்லேன்னா வேண்டாம்" என்றார். இவரோ, "இவ அக்காவே வரச் சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன டாக்டர்?" என்று சிரிக்கிறார்.

உள்ளதை எழுது. நீ வேண்டாம் என்றால் இவரை இங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன். வருத்தப்படமாட்டேன்.

கமலேஷ்


தில்லி
அக்டோபர் 27

கமலேஷ்,

டிவிக்காரனுக்கு வேறு வேலை என்ன? தீபாவளிப் புகை கொஞ்சம் இருந்தது, காற்றடித்துக் கலைந்துவிட்டது. இன்று காலை வெயிலில் உட்கார்ந்துதான் கடுகுக்கீரை ஆய்ந்தேன். உன் அத்தானும் பூங்காவில் நடந்துவிட்டு வந்தார். யஷ்பால் வராமல் ரீத்து கையில் யார் வளையல் போடுவது? சம்பந்தி வீட்டார் முன்னால் என் பிறந்த வீட்டுப் பக்கம் காலியாகக் கிடக்க வேண்டுமா?

பயப்படாமல் வா.

சுதேஷ்


பாலம்பூர்
டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

அவர் காரியமெல்லாம் முடிந்தது. அத்தான் வந்து கூடவே நின்றதற்கு எப்படி நன்றி சொல்ல? நீ அழுதுகொண்டே இருக்கிறாய் என்றார். அழாதே. வளையல் போட்ட கையோடு ரீத்துவின் தலையைத் தொட்டு அவர் சிரித்ததைப் பார்த்தாயல்லவா? அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அதைத்தான் சொன்னார், பேச முடிந்தவரை.

உன் ஊர்க் காற்று அந்த வாரம் திடீரென்று கெட்டதற்கு நீ என்ன செய்வாய்? தெரிந்ததைத்தானே எழுதினாய்.

புதுப்பெண்ணை வாடவிடாதே.

உன் தங்கை,
கமலேஷ்


தில்லி
டிசம்பர் 21

கமலேஷ்,

நீ என்னைத் திட்டியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். நீ ஆறுதல் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை.

காற்று திடீரென்று கெடவில்லை. அந்தக் கடிதம் எழுதிய அன்று வெயிலே இல்லை, கதவிடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தேன். உன் அத்தான் பூங்காவுக்குப் போகவில்லை, இருமல் தாங்காமல் படுத்திருந்தார். பக்கத்து அறையில் இருந்து கேட்டார், "அவங்களுக்கு என்ன எழுதறே?" "வரச் சொல்றேன்" என்றேன். "உனக்குப் பைத்தியமா? அந்த மனுஷனுக்கு நெஞ்சு சரியில்லைன்னு தெரியாதா?" என்று கத்தினார். நான் உறையை ஒட்டிவிட்டேன்.

கொஞ்ச நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது அவர் மூச்சைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

சுதேஷ்


பாலம்பூர்
ஜனவரி 8

சுதேஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நவம்பரில் தில்லிக்கு வரும்போது, ரயில் பானிப்பட் தாண்டியதும் பெட்டிக்குள் கருகல் வாடை வந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "உங்க அக்கா புளுகியிருக்காங்கடி. அவங்களுக்கு என்ன அவஸ்தையோ, பாவம். நீ ஒண்ணும் கேட்டுடாதே."

இறங்கித் திரும்பிவிடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா, பேசாம உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

இரண்டு மாதமாக நான் உட்கார்ந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் சந்தேகமே வரக்கூடாதென்று, அவர் விளையாட்டுக்குச் சொன்னதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதற்கும் வழியில்லை.

அவர் கேட்டுக்கொண்டபடி நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் இனி எழுத வேண்டாம். தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தில்லி முத்திரை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

கமலேஷ்