ரெண்டாம் பந்திக்குப் போகாத மச்சானுக்கு

அன்பு மச்சான் கோதண்டத்துக்கு,

மூட்டை தூக்குகிற நம்ம கேங்கில் எட்டுப் பேருக்கும் கடுதாசி எழுதிக் கொடுக்கிறவன் நான்தான். மாமனாருக்குச் சாக்கு, பெண்டாட்டிக்குச் சமாதானம், ஊரில் இருக்கிற அம்மாவுக்கு நாலு வரி பொய். எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். உனக்கு ஒரு கடுதாசி எழுத மட்டும் எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

நாளைக்கு உனக்கு வருஷப் படையல். உன் தங்கச்சி கன்னியம்மா காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டுவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "நாளைக்கு நிக்கிற ஓட்டலாண்ட போயி பூரி வாங்கினு வா. அண்ணனுக்குக் கடசியா புடிச்சது அதானே." சரி என்று தலையாட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

மச்சான், அந்த ஓட்டல் பெருத்துவிட்டது. நீ இருந்தபோது ஹார்பர் கேட்டுக்கு எதிரில் ஒரே ஒரு தகரக் கொட்டகை. இப்போது மேலே ஓடு போட்டு, பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தண்டையார்பேட்டையில் இன்னொன்று வந்திருக்கிறது. திருவொற்றியூரில் கம்பெனி வாசலில் வேறொருவர் அதே மாதிரி திறந்திருக்கிறார். நெஞ்சு உயரத்துக்குக் கல் மேஜை, பெஞ்சு கிடையாது. சாதத்தை முன்னாடியே சாம்பாரில் பிசைந்து வைத்திருப்பார்கள். பூரி அம்பாரமாகக் குவிந்திருக்கும். டோக்கன் வில்லையைக் கொடுத்தால் தட்டு வரும், தட்டு காலியானால் நகர வேண்டும். பக்கத்தில் இருந்த மிலிட்டரி ஓட்டல்காரரும் போட்டி தாங்காமல் பெஞ்சுகளை எல்லாம் விற்றுவிட்டார்.

ருசிக்குக் குறையில்லை. பொய் சொல்லக் கூடாது, நான் இன்னைக்கும் அங்கேதான் சாப்பிட்டேன்.

நம்ம தெருவில் மத்தியானத்தில் இப்போது அடுப்பு எரிவதில்லை. ஆம்பிளைகள் கேட்டாண்ட சாப்பிட்டுக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கையில் போண்டா. முன்னெல்லாம் பதினோரு மணிக்குத் தெரு பூராவும் மீன் குழம்பு வாசனை அடிக்கும், எந்த வீட்டில் என்ன மீன் என்று நீ நடந்துகொண்டே சொல்வாய். கன்னியம்மாவும் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. எட்டுப் பேர் சாப்பாட்டுத் தூக்கையும் ஒரே கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு, வெயிலில் ராயபுரத்திலிருந்து கேட்டு வரைக்கும் நடந்தவள் அவள். அது நின்ற பிறகு கால் ஆணி ஆறிவிட்டது. மிளகாய் குடோனில் காம்பு கிள்ளும் வேலைக்குப் போகிறாள். வீட்டில் நான் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் அவளுக்குக் கோபம். "இது ஓட்டலா? ஆரு உன்ன பின்னால நின்னு நவுருன்றாங்க? அஞ்சு நிமிசத்துல துன்னுட்டு எயுந்துக்கறியே" என்பாள். நானும் பார்க்கிறேன் மச்சான், மெதுவாகச் சாப்பிட வரவில்லை.

உனக்கு எப்போதும் மெதுவாகத்தான் வரும். மதிலோரம் வாதாமரத்தடியில் நாம் வட்டமாக உட்காருவோமே, ஞாபகம் இருக்கிறதா? எட்டாவது ஆள் உட்காரும்வரை ஒருத்தனும் தூக்கு மூடியில் கை வைக்கக் கூடாது. அதை யார் சட்டமாக்கினது என்று எனக்குத் தெரியாது, நான் கேங்குக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது. நீ ஒரு சுற்று எல்லார் முகத்தையும் பார்ப்பாய். "தொறங்கடா" என்பாய். அப்புறம்தான் மூடி திறக்கும். எவனுக்காவது காய்ச்சல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். எவன் வீட்டிலாவது சண்டை என்றால் அவன் தூக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாரும் கை கழுவி பீடி பற்ற வைத்த பிறகும் நீ மட்டும் கருவாட்டை முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டிருப்பாய்.

ஓட்டல் வந்தபோது அந்த ஒரு மணி நேரச் சாப்பாட்டு வேளையை விற்றவன் நான்தான். மேஸ்திரி கேட்கவில்லை. கண்ட்ராக்டர் கேட்கவில்லை. நான்தான் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "மணி நேரம் எதுக்கு? நாலு பேரு மொத பந்தி, நாலு பேரு ரெண்டாம் பந்தி. அர மணில துன்னுட்டு வந்துடறோம். மூட்ட நிக்காது. சாய்ங்காலம் அர மணி முன்னாடி உட்டுரு." அவருக்குக் கசக்குமா? மறுவாரமே, வாரத்துக்கு ஆளுக்கு ஆறு தகர வில்லை கொடுக்க ஏற்பாடு ஆகிவிட்டது. உட்கார ஒரு பலகை கூட இல்லாத இடத்துக்குப் பந்தி என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

எல்லாரும் கை தட்டினார்கள். நீ மட்டும் இழுத்தாய். மேஸ்திரி உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "குந்தித் தின்றால் குன்றும் மாளும்டா கோதண்டம்" என்றார். "குந்தாம துன்னா கொடலு மாளும் மேஸ்திரி" என்றாய் நீ. கேங்கே சிரித்தது. அதோடு பேச்சு முடிந்தது. என்னை முதல் பந்தியில் போட்டார்கள், உன்னை ரெண்டாவதில்.

அந்த அரை மணி சாயங்காலம் தினமும் கிடைக்கிறது மச்சான். முனையில் நின்று சீட்டாடுகிறோம். சில நாள் சும்மா நிற்கிறோம்.

நீ ஓட்டலுக்கு ஒரே ஒரு நாள்தான் போனாய் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உன் காரியம் எல்லாம் முடிந்த பிறகு, தட்டு எடுக்கிறவரிடம் விசாரித்தேன். "அந்தப் பெரிய மீசக்காரரா? ஒரு நாளு வந்தாரு. மெள்ள துன்னுகினு இருந்தாரு. பின்னால ஆளுங்க ஜல்தி ஜல்தின்னு கத்துனாங்க. நானும் நவுரு நைனான்னேன். பாதித் தட்ட அப்டியே வச்சிட்டுப் பூட்டாரு. அப்பால வர்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிற்கிற இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் நகரு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் அத்தனை நாளும் மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? காலையில் தின்ற பழையதும், குழாய்த் தண்ணீருமா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்னியம்மா உனக்கு மட்டும் தூக்கு எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லையா? அவள் கால் ஆணிக்காகவா? இல்லை, எல்லாரும் நின்றுகொண்டு சாப்பிடும்போது நீ மட்டும் மதிலோரம் உட்கார வெட்கமா? அவளிடம் ஓட்டலில் சாப்பிடுகிறேன் என்றாய். முதல் பந்திக்காரர்கள் நீ ரெண்டாவதில் சாப்பிடுவதாக நினைத்தோம். ரெண்டாம் பந்திக்காரர்கள் நீ இடம் மாற்றிக்கொண்டு முதலிலேயே போய் வந்ததாக நினைத்தார்கள். ஏழு பேரும் இப்படி நினைத்துக்கொண்டுதான் வயிறு நிறைய சாப்பிட்டோம்.

அந்தக் கடைசி நாள் நான் முதல் பந்தி முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். நீ குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். "துன்னியா மச்சான்?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றாய். நான் மூட்டைக்குப் போய்விட்டேன். உன் பந்தி அப்போதுதான் கிளம்பப் போகிறது. கிளம்பாத பந்தியில் நீ எப்படிச் சாப்பிட்டிருக்க முடியும்? ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும். நான் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு குடோனில் கோதுமை அடுக்கினோம். அடுக்கு உயரமாகிவிட்டதால் ஏறப் பலகை சாய்த்து வைத்திருந்தோம். நீ முதுகில் மூட்டையோடு பாதி ஏறினாய். அங்கேயே உட்கார்ந்தாய். வாதாமரத்தடியில் உட்காருவது போலவே, அவசரமில்லாமல். அப்புறம் மூட்டையோடு பக்கவாட்டில் சரிந்துவிட்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. அறுத்துப் பார்த்த டாக்டர், மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். பூரி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வயிறு சுத்தமா காலியா இருக்கேப்பா" என்றார். உன் சட்டை, துண்டு, புகையிலை டப்பா எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்தேன். புகையிலை இல்லை. உள்ளே பூராவும் ஓட்டல் வில்லை. ஏன் மச்சான் சேர்த்து வைத்தாய்? யாருக்காவது கொடுத்திருக்கலாமே?

டப்பாவை மடியில் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன். கன்னியம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதுகொண்டு முதலில் கேட்டது இதுதான்: "எங்கண்ணன் துன்னுச்சா?"

நான் சொன்னேன். "துன்னுச்சு. பூரி. ரெண்டு தட்டு. சிரிச்சிகினே துன்னுச்சு."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்சம் மூச்சு வந்தது. அன்றிலிருந்து வருகிற போகிற எல்லாரிடமும் அதையே சொல்கிறாள், "வயிறு ரொம்பித்தான் போச்சு எங்கண்ணன்" என்று. ஒவ்வொரு அமாவாசைக்கும் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு அந்த ஓட்டல் பூரியை வைக்கிறாள். வாங்கி வருகிறவன் நான். கொல்லையில் காக்காய்க்கு வைக்கிறவனும் நான். உன்னைப் பாதித் தட்டோடு எழுப்பி அனுப்பின இடத்துப் பூரியை உனக்கே படைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இதுவரை அழுகை வரவில்லை மச்சான். சுமந்து சுமந்து தோள் மரத்துப்போகுமே, அடித்தாலும் தெரியாதே, உள்ளே எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. மூட்டை தூக்குகிறேன், நின்றுகொண்டு சாப்பிடுகிறேன், சீட்டாடுகிறேன். கேங்கில் உன் இடத்துக்கு வியாசர்பாடியிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார், நல்ல மனுஷன். அவர் மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் அது எனக்கே உறைக்கிறது. திங்கட்கிழமை கேட்க வேண்டும்.

நம்ம தெரு படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பிள்ளைகள் ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூட்டம் கூட்டி சத்தமாக வாசிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வந்து கேட்பார்கள். கன்னியம்மாவும் கேட்பாள். இந்தக் கடுதாசியை இப்போதே கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்துவிடப் போகிறேன். கொடுத்துவிட்டால் எனக்குத் திரும்ப வழி இல்லை. ஊர் வாசித்து அவள் காதில் விழுவதற்கு முன்னால், நாளைக்கு நானே சொல்லியாக வேண்டும். என்னை எனக்குத் தெரியும், இப்படி ஒரு கட்டு போட்டால்தான் நான் நிற்பேன்.

நாளைக்கு நான் பூரி வாங்கப் போவதில்லை. காசிமேட்டுக்குப் போய் உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி வருவேன். சோற்றையும் குழம்பையும் உன் பழைய தூக்கிலேயே போட்டு மூடி, உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் அந்தப் புகையிலை டப்பாவைத் திறந்து வைப்பேன். உன் தங்கச்சியை எதிரில் உட்கார வைத்து, "உங்கண்ணன் அன்னிக்குத் துன்னல" என்று சொல்வேன். ஏன் என்றும் சொல்வேன், யாரால் என்றும் சொல்வேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசுவாளா, என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்குவாளா, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். எவ்வளவு நேரமானாலும் சரி, எத்தனை நாளானாலும் சரி, உன் தங்கச்சி தன் வாயால் "தொற" என்று சொல்கிறவரை நான் அந்த மூடியில் கை வைக்க மாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
முதல் பந்தி ஏகாம்பரம்