சம்பந்தியும் லிபா மரமும்

1998 ஜூன் 14
சம்பந்தி ருமியானா வந்து இறங்கிவிட்டாள். பல்கேரியாவிலிருந்து இரண்டு நாள் பஸ். என் மகள் நெஜா வாழ்வது அவள் வீட்டில்தான். ஆறு மாத வயிறு, கூட வர முடியவில்லை. ருமியானாவுக்கு எங்கள் ஸ்லோவேனியப் பேச்சு புரியாது, அவள் பேச்சு எனக்குப் புரியாது. இன்னும் மாவு உருண்டை வேண்டுமா என்று சட்டியைக் காட்டினேன். தலையை மேலும் கீழும் ஆட்டினாள். வைத்தேன். மறுபடி ஆட்டினாள். வைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டாள். நல்ல பசி போல.

ஜூன் 15
இன்று வார்த்தைப் பொருத்தம் பார்த்தோம். ரொட்டி பொருந்தவில்லை. தண்ணீர் பொருந்தியது. ஊர்க்கூட்டம் நடக்கும் மரத்தைக் காட்டி “லிபா” என்றேன். “லிபா!” என்று அவளும் கத்தினாள். மருந்துக்கடைக்காரி செக் நாட்டுக்காரி, அவளுக்கும் லிபாதானாம். இத்தனை தூரத்தில் எப்படி ஒரே பெயர்? எல்லோரும் ஒரு காலத்தில் இதே நிழலில்தான் உட்கார்ந்திருந்தோமா?

ஜூன் 16
தைரியம் வந்து கேட்டே விட்டேன். வயிறு, தொட்டில், நான், பஸ் — எல்லாம் கையாலேயே. பிரசவத்துக்கு நான் வரலாமா? தலையை இடமும் வலமும் ஆட்டினாள். சிரிச்சுக்கிட்டே! என் பொண்ணு பிரசவத்துக்கு நான் வரக்கூடாதாமே. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

ஜூன் 17
அவள் பக்கமே திரும்பவில்லை. நெஜாவிடமும் சொல்லவில்லை. அவளுக்கு எதற்குத் தர்மசங்கடம்.

ஜூன் 19
லிபா பூத்துவிட்டது. ருமியானா கத்தரியோடு வந்து, மரத்தைக் காட்டி, வெட்டட்டுமா என்று சைகை செய்தாள். கூடாது என்று நன்றாக இடமும் வலமும் தலையாட்டினேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பைத்தியமா இவள்?

ஜூன் 20
பக்கத்து வீட்டு மாத்தேவ்ஷ் மூச்சிரைக்க வந்தார். “ஏம்மா, உன் சம்பந்தி நம்ம லிபாவ மொட்டையடிக்கிறா!” ஓடினேன். மூன்று கிளைகளை மடியில் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தேநீருக்குப் பூ உருவுகிறாள். எங்கள் ஊரில் அந்த மரத்தில் யாரும் கத்தரி வைத்ததில்லை. மானமே போயிற்று.

நெஜாவுக்கு ஃபோன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அம்மா, அவங்க ஊர்ல தலைய இடமும் வலமுமா ஆட்டினா சரின்னு அர்த்தம். மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் வேண்டாம். எனக்குப் பழகிப்போச்சு, சொல்ல மறந்துட்டேன்.”

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது.
அப்படியானால் பதினாறாம் தேதி?
ஐயோ, அந்த உருண்டைகள்!

ஜூன் 24
பஸ் நிறுத்தம். உலர்த்திய பூவில் பாதியை என் கையில் திணித்தாள். மறுபடி கேட்டேன்: வயிறு, தொட்டில், நான், பஸ். காதுத் தொங்கட்டான் ஆட, இடமும் வலமும் தலையாட்டினாள்.

“ஐயோ பாவம், வராதேங்கிறாளே” என்றார் மாத்தேவ்ஷ்.

நானும் அவளைப் பார்த்து இடமும் வலமும் ஆட்டினேன்.