பூட்டின் வாயில் இருந்தது

எம்.ரெட்டியபட்டி
ஆவணி 20

மதிப்பிற்குரிய அண்ணன் வீரபாண்டி அவர்களுக்கு, ஜெகதீஸ்வரி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் நாத்தனார் செல்வலட்சுமியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். என் கணவரின் முப்பதாம் நாள் கழிந்த பிறகே இதை எழுத நேர்ந்தமைக்கு மன்னிக்க வேண்டும். தாங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், இச்செய்தி எழுத்தில் இருப்பதே முறை.

இங்கு மழை இல்லை. உழுது போட்ட நிலம் அப்படியே கிடக்கிறது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். தூக்கமும் வருகிறது.

தாங்கள் கொடுத்த கார் வாசலில் வெயிலில் நின்றது. சென்ற வியாழக்கிழமை அதன் ஓட்டுநர் பக்கக் கதவை நானே பிரித்தேன். போனில் ஒருவர் இந்தியில் விளக்கும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மொழி புரியாவிடினும் அவர் கை புரிந்தது. உட்பலகையைக் கழற்றி, கைப்பிடியிலிருந்து பூட்டுக்குச் செல்லும் கம்பியை ஆராய்ந்தேன். அது வளையவில்லை. ஸ்பிரிங்கும் முறியவில்லை. பூட்டின் வாயில்தான் கறுப்பாக ஒரு கட்டி அடைத்திருந்தது. சுரண்டி முகர்ந்தேன். விளக்கெண்ணெய். அதில் சந்தனமும் கரிசல் புழுதியும் சேர்ந்து இறுகியிருந்தன.

வெள்ளிதோறும் நிலைக்கதவுக்குச் செய்வதைப் போலவே கார் பூட்டுக்கும் எண்ணெய் விட்டுச் சந்தனம் வைத்தவள் நான். 'இந்தா, கதவு புடிக்குது' என்று என் கணவர் சொன்னபோது இன்னும் கொஞ்சம் விட்டேன்.

திருச்சுழிக்குச் சாலை பிரியும் விலக்கில் நெஞ்சு வலித்து அவர் வண்டியை ஓரங்கட்டியபோது மற்றக் கதவுகள் உள்ளே பூட்டியிருந்தன. அவர் பக்கக் கதவு எந்தப் பக்கமிருந்தும் திறக்கவில்லை. கூடியவர்கள் கைப்பிடியோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில்தான் கண்ணாடியை உடைத்தார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

இழவுக்கு மாலையோடு வந்த தங்களை வாசலிலேயே மறித்து, 'பூட்டுக் கெட்ட வண்டிய எம் மகன் தலையில கட்டிட்டு, மாலை வேற கொண்டாந்தீகளோ?' என்று அத்தை கேட்டார். தாங்கள் மாலையோடே திரும்பினீர்கள். செல்வலட்சுமியும் தன் கூடப்பிறந்த அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே தங்கள் பின்னால் வந்துவிட்டார்.

கண்டதை அத்தையிடம் அன்றே சொன்னேன். அவர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு, 'வெளிய மூச்சு விட்றாத தாயி. பழி அவுக மேலயே இருந்துட்டுப் போகட்டும். நீ இந்த ஊருல பொழைக்கணும்ல' என்றார். என் மேல் வைத்த அன்பு அது. ஏற்க என்னால் இயலவில்லை.

பூட்டை டீசலில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிவிட்டேன். இப்போது ஒரு விரலுக்குத் திறக்கிறது. பலமுறை திறந்து மூடினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தாங்கள் கொடுத்த வண்டியில் குற்றம் இல்லை. இக்கடிதத்தைத் தாங்கள் யாரிடமும் காட்டலாம். அதற்காகவே கையொப்பம் இட்டிருக்கிறேன். இனி என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா என்பதைச் செல்வலட்சுமியே தீர்மானிக்கட்டும். அத்தைக்கு இருப்பது இனி அந்த ஒரு மகள்தான்.

இருவரும் என்றைக்கு வருகிறீர்கள் என்று விரைவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மா. ஜெகதீஸ்வரி